பிரேக்கில் காற்று எடுத்த நாள்

சிரிக்க வேண்டுமென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள். பாதியில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். இந்தப் பேய், ஜின், காற்று கறுப்பு எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததே இல்லை. புளியமரத்தடியில் எதையோ பார்த்தேன் என்று வந்து நிற்பவனிடம், முந்தின நாள் என்னத்தைத் தின்றாய் என்று கேட்கிற ஆள் நான். கம்பத்தில் வாழைத்தார் வியாபாரம் செய்கிறேன், ஐவேளை தொழாவிட்டாலும் வெள்ளிக்கிழமை தவறாது, குடிப்பழக்கம் கிடையாது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், கேட்கிறவர்கள் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான்.

என்னிடம் ஒரு பழைய அம்பாசிடர் இருக்கிறது. மார்க்கையன்கோட்டையில் நெல் விவசாயம் பார்க்கும் சுருளியண்ணனிடம் வாங்கியது. வயதான வண்டி, அதனால் மலிவாகத்தான் கிடைத்தது. அதற்கு சர்வீஸ் எல்லாம் வீட்டிலேயே, என் கையாலேயே. இப்போதுள்ள மெக்கானிக் பையன்களிடம் கொண்டுபோனால் கம்ப்யூட்டரைச் செருக ஓட்டை எங்கே என்று தேடுகிறார்கள். ஆயில் மாற்றுவது, பிளக் துடைப்பது, கார்புரேட்டரைக் கழற்றி ஊதுவது எல்லாம் நானே செய்வேன். என் மனைவி மைமூனுக்கு இது பிடிக்காது. என் சட்டையில் உள்ள கிரீஸைத் துவைக்கிறவள் அவள்தானே.

எங்களுக்கு ஒரே மகள், நஸீமா. மலைக்கு மேலே கேரளத்துப் பக்கம், வண்டன்மேட்டில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை ஏலக்காய்த் தோட்டத்தில் கணக்கு பார்க்கிறார். இரண்டு தடவை தங்காமல் போய், மூன்றாவதாக உண்டான பிள்ளை ஏழு மாதத்தைத் தொட்டிருந்தது. பிரசவத்துக்கு நம் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். ஜீப்பில் கொண்டுவந்து விடுகிறேன் என்று மாப்பிள்ளை சொன்னார். நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு முறை பட்ட பெண்ணை ஜீப்பில் குலுக்கிக்கொண்டு வருவதாவது, என் அம்பாசிடரில் மெத்தை மாதிரி வருவாள் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் கவனித்தேன், பிரேக் பெடல் பஞ்சு மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. குமுளி மலைப்பாதையில் பிரேக் இல்லாத வண்டி என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இடது பின்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்ததில் உள்ளே பிரேக் ஆயில் கசிந்திருந்தது. ரப்பர் போய்விட்டது. புது ரப்பர் வாங்கிப் போட்டேன். வேலை அதோடு முடியாது. கழற்றி மாட்டியதில் குழாய்க்குள் காற்று புகுந்திருக்கும், அதை வெளியே எடுத்தால்தான் பிரேக் பிடிக்கும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை அமுக்கிப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் வண்டிக்கு அடியில் படுத்துச் சக்கரத்தின் பக்கம் உள்ள நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறந்தால் ஆயிலும் காற்றுக்குமிழியும் சேர்ந்து பாட்டிலில் வடியும். நிப்பிளை மூடிய பிறகு விடு என்று சொன்னால்தான் மேலே இருப்பவர் காலை எடுக்கலாம். அவசரப்பட்டு முன்னாலேயே எடுத்துவிட்டால் காற்று திரும்ப உள்ளே போய்விடும், மறுபடியும் முதலிலிருந்து.

மைமூன் எப்போதும் அவசரப்படுகிறவள். அன்றைக்கும் அப்படித்தான், வண்டி கொட்டகைக்குள் நான் அடியில் கிடந்து கத்த, அவள் மேலே இருந்து பதிலுக்கு ஒரு 'ம்' மட்டும் சொல்வாள். அமுக்கு என்றால் ம். விடு என்றால் ம். பக்கத்து வீட்டு மாவு மில் வேறு ஓடிக்கொண்டிருந்தது. சாயங்கால வெயில், அஸர் தொழுகை நேரம். பாங்கு சொன்னது கூட மில் சத்தத்தில் என் காதில் சரியாக விழவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு மாற்றம். பெடல் ஒழுங்காக இறங்க ஆரம்பித்தது. அமுக்கு என்ற உடனே ஒரே சீராக இறங்கும், நான் மூடுகிற வரை அசையாது, விடு என்றால்தான் மேலே வரும். குமிழி குறைந்து ஆயில் சுத்தமாக வடிந்தது. அந்த நேரம் பார்த்து கரண்ட் போய் மில் நின்றது. திடீரென்று அவ்வளவு அமைதி. எனக்கு மனசு குளிர்ந்துபோய், "இன்னைக்குத்தேன் உருப்படியா அமுக்குற மைமூன்" என்று பாராட்டினேன்.

"ம்."

அது அவள் குரல்தானா என்று இன்றைக்குக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆண் குரல் என்றும் சொல்ல முடியாது, பெண் குரல் என்றும் சொல்ல முடியாது. அந்த ஒரு எழுத்தில் என்ன தெரியும்? ஆனால் கேட்டது. சத்தியமாகக் கேட்டது.

கடைசியாக ஒரு தடவை என்று அமுக்கச் சொல்லி நிப்பிளைத் திறந்தேன். ஆயில் வந்துகொண்டிருந்தது. அப்போது வீட்டுப் பின்வாசல் கதவு திறக்கிற சத்தம். படுத்தபடியே தலையைத் திருப்பினேன். தண்ணீர் சொட்டும் இரண்டு கால்கள் கொட்டகைப் பக்கம் நடந்து வந்தன. மைமூனின் கால்கள்.

"யாருகிட்ட பேசிக்கிட்டு இருக்கீக?"

என் கையில் ஸ்பேனர். பாட்டிலில் ஆயில் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. யாரும் அமுக்காமல் அது வராது. கை பழக்கத்தில் நிப்பிளை மூடிவிட்டது, வாயும் பழக்கத்தில் "விடு" என்று சொல்லிவிட்டது. மேலே தடக் என்று பெடல் எழும்பிய சத்தம் எனக்கும் கேட்டது, வெளியே நின்ற அவளுக்கும் கேட்டது.

நான் எப்படி வெளியே வந்தேன் என்று நினைவில்லை, முழங்கையில் தோல் உரிந்ததை அப்புறம்தான் பார்த்தேன். சீட்டில் யாரும் இல்லை. வண்டிக் கதவு திறந்தபடி இருந்தது. கொட்டகைக்கு வாசல் ஒன்றுதான், அந்த வாசலில் மைமூன் தொழுகைத் துணியோடு நிற்கிறாள்.

"பாங்கு சொல்லிட்டாக, கைகால் கழுவி ஒளு செஞ்சு தொழுதுட்டு வர்றேன்னு சொல்லிட்டுத்தான போனேன்" என்றாள். "நீங்க சரின்னு சொன்னீகளே."

நான் சொல்லவில்லை.

அவள் அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தாள், இந்த வண்டியில் வேண்டாம், பிள்ளையை மாப்பிள்ளையே ஜீப்பில் கொண்டுவரட்டும் என்று. நான் கேட்கவில்லை. பெடலை நான் அமுக்கிப் பார்த்தேன், கல் மாதிரி நின்றது. அத்தனை வருடத்தில் அந்த வண்டிக்கு அப்படி ஒரு பிரேக் இருந்ததே இல்லை. பிறகு எதற்குப் பயம்? குழாயில் மிச்ச அழுத்தம் இருந்திருக்கும், கேட்டது என் மனப்பிராந்தி என்று அவளுக்குச் சொன்னேன். எனக்கும் அதையே சொல்லிக்கொண்டேன். உண்மையில் மாப்பிள்ளையிடம் பேசிய வீறாப்பை விட மனசில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் கிளம்பினோம். லோயர் கேம்ப் தாண்டி மலையேறும்போது ஒரு தொந்தரவும் இல்லை. வண்டன்மேட்டில் சாப்பிட்டுவிட்டு நஸீமாவைப் பின் சீட்டில் தலையணை வைத்து உட்கார வைத்து, பக்கத்தில் மைமூன் உட்கார, திரும்பினோம். குமுளியைத் தாண்டி இறக்கம் ஆரம்பித்தது. சாரல் தூறிக்கொண்டிருந்தது. இரண்டாவது கியரில் மெல்ல இறக்கிக்கொண்டு வந்தேன். பிரேக் கேட்ட இடத்தில் நின்றது, எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பாதி இறக்கத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவு. வேகத்தைக் குறைக்கலாம் என்று காலை பிரேக்குக்குக் கொண்டுபோனேன். கால் படுவதற்கு முன்பே வண்டி வேகம் குறைந்தது. என் கால் பெடலைத் தேடியது, இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லை. கீழே, தரையோடு தரையாகக் கிடந்தது. பிரேக் போய்விட்டது என்று ஒரு கணம் உயிரே போய்விட்டது. ஆனால் வண்டி நிற்கிறது. இழுத்துப் பிடித்து, இஞ்சின் அணைந்து, வளைவின் நட்டநடுவில் நின்றுவிட்டது.

காலை எடுத்தேன். பெடல் எழும்பவில்லை. ஷூவின் நுனியை அடியில் கொடுத்துத் தூக்கிப் பார்த்தேன், வரவில்லை. சிக்கிக்கொண்ட இரும்பை எனக்குத் தெரியும், அது அசையவே அசையாது. இது அப்படி இல்லை. கொஞ்சம் மேலே வரும், உடனே திரும்ப அமுங்கும். இன்னொருவர் காலைத் தூக்குகிற மாதிரிதான் இருந்தது. குனிந்து பார்த்தேன். அங்கே என் கால்களைத் தவிர ஒன்றும் இல்லை.

அப்போது மேலே வளைவில் பஸ்ஸின் ஹாரன். இறக்கத்தில் வருகிற பஸ், சாரலில் நனைந்த ரோடு, நாங்கள் குறுக்கே நிற்கிறோம். நஸீமா வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அத்தா, பஸ் வருது அத்தா! வண்டிய எடுங்க!"

கண்ணாடியில் மைமூன் முகம் தெரிந்தது. அவள் பஸ்ஸைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"சொல்லுங்க" என்றாள்.

"என்னத்தச் சொல்ல?"

"நேத்துச் சொன்னதையே சொல்லுங்க. வெரசாச் சொல்லுங்க!"

நம்புங்கள், நம்பாமல் போங்கள், அந்த நேரத்திலும் எனக்கு வெட்கமாக இருந்தது. பட்டப்பகலில் மகள் முன்னால் வெறும் பெடலோடு பேசுவதா என்று. வாய்க்குள் முனகினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஹாரன் பக்கத்தில் வந்துவிட்டது. அடியில் படுத்துக்கொண்டு கத்துவேனே, அதே மாதிரி தொண்டை கிழியக் கத்தினேன்.

"விடு!"

தடக்.

வண்டி தானாக உருண்டது, அந்த ஓட்டத்திலேயே கிளட்சை விட்டு இஞ்சினை மறுபடி கிளப்பி மண் ஓரத்துக்கு ஒடித்தேன். பஸ் எங்கள் கண்ணாடியை உரசாத குறையாகக் கடந்து போனது. டிரைவர் மலையாளத்தில் என்னவோ திட்டினான். திட்டட்டும். என் பிள்ளை பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு உயிரோடு உட்கார்ந்திருந்தாள், எனக்கு அது போதும். நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கேட்கிறவர்கள் எல்லாம் ஒன்று சொல்வார்கள், முன்னால் ஏதோ ஆபத்து இருந்திருக்கும், அதிலிருந்து அது உங்களைக் காப்பாற்றியிருக்கும் என்று. மைமூனும் முதலில் அப்படித்தான் மனசைத் தேற்றிக்கொண்டாள். முதல் கியரிலேயே மிச்ச மலையை இறக்கிக்கொண்டு நான் வழிநெடுகப் பார்த்துக்கொண்டே வந்தேன். பாறை விழவில்லை, மரம் சாயவில்லை, எதிரே ஒரு வண்டி கூட வரவில்லை. ரோடு சுத்தமாக இருந்தது. அந்த இடத்தில் எங்களுக்கு ஆபத்து என்று இருந்தது அந்த பிரேக் ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து பெடலோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டரை அக்கு அக்காகக் கழற்றினேன். ரப்பர் நன்றாக இருந்தது, ஸ்பிரிங் நன்றாக இருந்தது. அன்றைக்கே சுருளியண்ணனுக்கு போன் போட்டேன். அந்த வண்டியில் யாராவது செத்திருக்கிறார்களா என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

அவர் சிரித்தார். "என்ன ராவுத்தரே, ஒரு கோழியக்கூட அடிச்சதில்ல அந்த வண்டி."

"சரிண்ணே. பிரேக்குல காத்து எடுக்கிறப்ப உங்களுக்கு யாரு பெடல அமுக்குவாக?"

"யாரு அமுக்குவா? எங்க வீட்டுல யாரும் வண்டிப் பக்கமே வரமாட்டாக. நான் தனியாத்தேன் எடுப்பேன்."

"தனியா எப்படிண்ணே?"

"ஏன், உங்களுக்கு ஆள் வேண்டியிருக்காக்கும்?" என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டார். நிப்பிளில் மாட்டிய குழாயின் நுனியை பாட்டில் ஆயிலுக்குள் முக்கி வைத்துத் தனியாக எடுப்பவர்களும் உண்டுதான். அதைத்தான் சொன்னார் என்று வைத்துக்கொள்கிறேன். திரும்ப போன் செய்து கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நஸீமாவுக்கு சுகப்பிரசவம், பெண் குழந்தை. அல்லாஹ் காப்பாற்றினான். வண்டியை அதற்குப் பிறகு ரோட்டில் இறக்கவில்லை. விற்றுவிடலாம் என்றால் மைமூன் விடவில்லை. வாங்குகிறவனும் பிள்ளைகுட்டிக்காரனாக இருப்பான், அவனிடம் என்ன சொல்லி விற்பது என்று கேட்கிறாள்.

நிறுத்தியே போட்டால் இஞ்சின் இறுகிவிடும் என்று ஞாயிற்றுக்கிழமை பகலில் மட்டும் சாவியைப் போட்டு ஓட விடுவேன். கதவைச் சாத்திவிட்டு முன்னால் வந்து நின்றுகொள்வேன். வண்டிக்குப் பின்னால் வெள்ளையடித்த சுவர். சில ஞாயிறுகளில் ஒன்றும் இருக்காது. சில ஞாயிறுகளில் அந்தச் சுவர் மெல்லச் சிவக்கும். பிரேக் விளக்கு. சீட்டில் யாரும் இருப்பதில்லை, ஆனால் நான் இஞ்சினை அணைக்கிற வரை அந்தச் சிவப்பு அசையாமல் அப்படியே நிற்கும்.

"அன்னைக்கு நீங்க விடத்தான சொன்னீக, போகச் சொல்லலையே. ஒரு வார்த்த 'போ'ன்னு சொல்லித் தொலைங்களேன்" என்கிறாள் மைமூன். சொல்லலாம் என்று ஒவ்வொரு தடவையும் வாயைத் திறக்கிறேன். பதிலுக்கு மாட்டேன் என்று வந்துவிட்டால் என்ன செய்வது என்று மூடிக்கொள்கிறேன்.