கேட்டையில் பிறந்த அக்கா

நேற்று சென்னையில் கரண்ட் போய்விட்டது. மொட்டை மாடிக்கு ஏறினால், அப்பாடா, வானம் என்று ஒன்று இன்னும் இருக்கிறது. தெற்கே சிவப்பாக ஒன்று மினுங்கியது. "செவ்வாயா சார்?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "இல்லை, எங்க அக்கா" என்று வாய்வரை வந்துவிட்டது. அது கேட்டை நட்சத்திரம்.

கேட்டையில் பிறந்த பெண் கணவனின் அண்ணனுக்கு ஆகாது என்பார்கள், உங்களுக்குத் தெரியாததா. அதனால் அக்காவுக்குத் தலைப்பிள்ளையாகப் பார்த்து மாப்பிள்ளை தேட வேண்டியிருந்தது. தென்காசி, செங்கோட்டை, பண்பொழி என்று அப்பா அலைந்த அலைச்சலில், ஊரில் தலைப்பிள்ளைகளுக்கே பஞ்சமோ என்று தோன்றியது. ஜாதகத்தைத் திருப்பித் தந்தவர்கள் எல்லோரும் அக்காவை நல்ல பெண் என்று சொல்லியே தந்தார்கள். அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

எழுபதுகளின் நடுவில் ராயகிரியிலிருந்து ஒரு வரன். பையன் போலீஸ், ஆனால் இரண்டாவது பிள்ளை. பெண் பார்க்க வந்த இடத்தில், நட்சத்திரம் தெரிந்ததும் அவருடைய அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். நான் அப்போதுதான் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்து, உலகத்துக்கே பாடம் எடுக்கும் நிலையில் இருந்தேன். எழுந்து நின்று ஆரம்பித்தேன். கேட்டை ஒரு கிழட்டு நட்சத்திரம். சூரியனைவிடச் சூடு குறைவு, சிவப்பும் அதனால்தான். உடம்பு மட்டும் பெரிசு. சூரியன் இருக்கிற இடத்தில் அதை வைத்தால் பூமி, செவ்வாய் எல்லாம் அதன் வயிற்றுக்குள் போய்விடும். இன்று நம் கண்ணுக்கு எட்டுகிற அதன் வெளிச்சம், தென்காசிப் பெரிய கோயில் கட்டிய காலத்தில் கிளம்பியது. அதற்கு எங்கள் அக்காவை எப்படித் தெரியும்?

"அம்புட்டு வருசமா விடாம வருதுன்னா, அதுக்கு எம்புட்டு வைராக்கியம் இருக்கும்!" என்றாள் அந்த அம்மா. இருந்த கொஞ்ச நம்பிக்கையையும் என் விஞ்ஞானம் கெடுத்தது.

மாப்பிள்ளையின் அண்ணன் பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்தார். நட்சத்திரம் காவு கேட்கும் என்று எல்லோரும் பயந்த ஆள் அவர்தான். கையிலிருந்த மிக்சரை வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்: "எம்மா, பார்டர்ல குண்டுக்கே தப்பி வந்தவன் நான். இந்தப் புள்ளையா என்னையக் கொல்லப் போவுது? பேசி முடி."

கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையின் அண்ணன் எங்களுக்குப் பட்டாளத்து அத்தான் ஆனார். எண்பதுகளில் சாரல் தொடங்கினால் வேன் பிடித்து எல்லோரையும் குற்றாலத்துக்குக் கூட்டி வந்துவிடுவார். கேட்டை மாலையில் நன்றாகத் தெரியவேண்டிய மாதங்களில்தான் அங்கே மேகம் மூடிக் கிடக்கும். ஒருநாள் ஐந்தருவியில் குளித்துவிட்டு, தலையில் எண்ணெயும் கையில் மிளகாய் பஜ்ஜியுமாக மணத்துக்கொண்டு திரும்பும்போது தெற்கே மேகம் விலகியது. வேனை நிறுத்தச் சொன்னார்.

"எங்கடே அந்த ஆளு? காட்டு."

காட்டினேன். ஈரத் துண்டோடு விறைப்பாக நின்று அதற்கு ஒரு சல்யூட் அடித்தார். "தாயி, எறங்கி வந்து பாரு. ஒன் நட்சத்திரம் செவசெவன்னு என்ன லட்சணமா இருக்கு!" அக்கா சிரித்தாள். ஆனால் மடியில் பிள்ளை தூங்குகிறது என்று இறங்கவில்லை.

போன ஆடியில் பட்டாளத்து அத்தான் தூக்கத்திலேயே போய்விட்டார். அக்கா போனில் அழுதாள். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு, "ஏலே, நீ படிச்சவன்லா. நெசத்தச் சொல்லு. என்னால இல்லைல்லா?" என்றாள்.

"அத்தானுக்கு எண்பது தாண்டிட்டுக்கா."

"தெரியுதுலே. ஆனா அவுகளுக்கு ஒரு தும்மல் வந்தாக்கூட எனக்கு உசுரே இருக்காது. அவுக ஏதாவது சொல்லிச் சிரிச்சாத்தான் மூச்சு வரும்."

அக்காவின் பயத்தைச் சிரித்தே விரட்டத் தெரிந்தவர் ஒருவர்தான். அவர்தான் இப்போது இல்லை.