செக்பொயின்டுக்கு ஒரு குட்டிக் கேக்

நான் சமையற்கலை மாணவி. போன மாதம், பரீட்சைக்காக வீட்டில் சுட்ட ஐசிங் கேக்கோடு கொழும்பு வெள்ளவத்தையில் பஸ் ஏறினேன். செக்பொயின்டில் எல்லோரையும் இறக்கினார்கள். என் பெட்டியைத் திறந்த ஆமிக்காரர், கேக்குக்குள் ஏதும் ஒளித்திருக்கிறதா என்று பார்க்கக் கம்பியை நீட்டினார்.

"அனே அய்யே, குத்தாதேங்கோ!" பதற்றத்தில் 'ஐயோ அண்ணா' என்பதற்கு மேல் எனக்குச் சிங்களம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

ருசி பார்ப்பதற்காக அதே கலவையில் சுட்ட குட்டிக் கேக் ஒன்று பையில் இருந்தது. பாதியைப் பிய்த்து நான் சாப்பிட்டுக் காட்டினேன். மீதியை அவர் வாங்கிச் சாப்பிட்டார்.

"நங்கி, சீனி கூடிப்போச்சு" என்று தங்கச்சியிடம் சொல்வதுபோல் சிங்களத்தில் சொல்லிச் சிரித்து, போகவிட்டார். பரீட்சையில் டீச்சரும் அதையே சொன்னார்.

அன்றிலிருந்து செக்பொயின்டுக்கென்றே ஒரு குட்டிக் கேக் சேர்த்துச் சுடுகிறேன். இந்தக் கிழமை அவரைக் காணவில்லை. வடக்கே சண்டைக்கு, எங்கள் ஊர்ப்பக்கம் அனுப்பிவிட்டார்களாம்.

இந்த முறை சீனியைக் குறைத்துத்தான் போட்டிருந்தேன்.