கைதட்டலுக்குச் செத்தவன்

பஞ்சர் கடையில் டியூப் ஒட்டுகிறவனை எல்லோரும் ‘இருமல்’ என்றுதான் கூப்பிட்டார்கள். அப்படிக் கூப்பிட்டால் அவனுக்கு உச்சி குளிர்ந்துவிடும். தெருநாடகக் குழுவில் காசநோயாளி வேஷம் அவனுடையது. அடிவயிற்றிலிருந்து இழுத்து அவன் இருமினால், முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் தங்களை அறியாமல் வாயைப் பொத்திக்கொள்வார்கள்.

தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அவனை வளர்த்து ஆளாக்கியவள் அக்கா. தையல் கம்பெனியில் காலர் தைப்பவள். நாளெல்லாம் பஞ்சுத் தூசியில் கிடந்துவிட்டு வந்தாலும், தம்பி நாடகம் என்றால் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்துவிடுவாள். “எங்க வீட்டுப் பையன்தான்” என்று பக்கத்தில் இருப்பவளிடம் சொல்லாவிட்டால் இருப்புக்கொள்ளாது.

சுகாதார நிலைய டாக்டர் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்ட கதை அது. அதில் நோயாளி சாகவே மாட்டான். மாத்திரையை விடாமல் சாப்பிட்டு, தேறி, வேலைக்குப் போவான். சொல்லவேண்டிய சேதியே அதுதான். ஆனால் அவன் தேறத் தொடங்கியதும் கூட்டம் வீட்டுக்குக் கிளம்பச் செருப்பைத் தேடும். ஒருநாள் அவனுக்குப் பொறுக்கவில்லை. மாத்திரையை விழுங்கினான், இருமினான், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்து செத்துப்போனான். பெண்கள் ஓவென்று அழுதார்கள். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

குழுவை நடத்திய கல்லூரிப் பெண் மட்டும் முகத்தைச் சுளித்தாள். “மாத்திரை சாப்பிட்டவன் எப்படிடா சாவான்?”

“குணமாகும்னு கடைசியில நீ மைக்ல சொல்லிடு. ஜனம் அழுததைப் பாத்தியா இல்லையா?”

அவளும்தான் பார்த்தாள். கைதட்டல் யாரை விட்டது? அன்றுமுதல் தெருவுக்குத் தெரு அவன் செத்தான். அவள் மைக்கைப் பிடித்துச் சொன்னது அந்த இரைச்சலில் யார் காதிலும் ஏறவில்லை. நோயை விரட்டக் கிளம்பிய குழு சாவைக் காட்டிப் பேர் வாங்கியது, வெட்கமில்லாமல்.

வீட்டில் அக்கா இருமினாள். தூசி என்றாள். இளைத்தாள். சாப்பாடு பிடிக்கவில்லை என்றாள். ஊருக்கெல்லாம் அறிகுறி சொல்லித் திரிந்தவன் இதைக் கண்டுகொள்ளவே இல்லை. இன்னும் நன்றாகச் சாவது எப்படி என்று கண்ணாடி முன்னால் பழகிக்கொண்டிருந்தான். குளியலறையில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், இரண்டு நுரையீரலும் போய்விட்டதாகச் சொன்னார். இனி நம்பிக்கை வேண்டாம் என்பதையும் மறைக்கவில்லை.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, “ஒரு மாத்திரை வாங்கிச் சாப்பிடக் கூடாதாக்கா?” என்று அவன் அழுதான்.

“வாங்கினேன்டா. நாடகத்துல நீ பிழைச்சு எழுந்ததைப் பாத்துட்டு, மறுநாளே போய் வாங்கினேன். உனக்கு எதுக்குக் கவலைன்னுதான் சொல்லல. கொஞ்சம் தேறக்கூட செஞ்சேன்.” மூச்சு வாங்கியது. “அப்புறம் ஒருநாள் நீ மாத்திரையை முழுங்கிட்டுச் செத்தே. பயமாயிடுச்சு. விட்டுட்டேன்.”

“அது நாடகம்க்கா.”

“அது எனக்குத் தெரியாதா? டாக்டர் சொல்லாதது ஒரு வார்த்தைகூட அதுல இல்லன்னு நீதானே சொன்னே.”

அவள்தான் அவன் கையைத் தடவிக்கொடுத்தாள்.

“அழாதடா. நீ நல்லாத்தான் நடிச்சே,” என்றாள்.

அந்த வாரத்தை அவள் தாண்டவில்லை.