சும்மா கிடந்த பெட்டி

“லயத்துப் பிள்ளைக்கு இதெல்லாம் ஏலுமோ?” பதுளையில் நான் வேலை பார்க்கும் பயிற்சி நிலையத்தின் முகாமையாளர் என் காதுபடவே கேட்டார். தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் வாழும் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். நிலையத்தின் பிரதான இணையத்தளம் நின்றுபோனால் தானாகவே வேலையை ஏற்கும் மாற்றுத் தளம் ஒன்றை அலுவலகக் கணினியில் அமைத்துக் காட்டினேன்.

அவருடைய வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. மாலையில் கதவைப் பூட்டுமுன் அறை அறையாகப் போய் விளக்கு, விசிறி எல்லாவற்றையும் அணைப்பார். அந்தக் கணினியையும் அணைத்தார்.

“சேர், அது எப்பவும் ஓடணுங்க. மத்தது விழுந்தா இதுதாங்க தாங்கும்.”

“சும்மா கிடக்கிற பெட்டிக்கு என்னத்துக்குப் பிள்ளை கரண்ட்?”

பயிற்சிக்கு இணையத்தில் விண்ணப்பிப்பதற்கான கடைசி நாள், அவர் பூட்டிவிட்டுப் போன பிறகு பிரதான தளம் நின்றது. மாற்றுத் தளம் எழவில்லை. மடுல்சீமையிலிருந்து பஸ் ஏறி நகரத்து இணையக் கடைக்கு வந்த பிள்ளைகள் விண்ணப்பிக்காமலே திரும்பினார்கள்.

“நான் அப்பவே சொன்னனான்” என்றார் மறுநாள், எல்லோர் முன்னிலையிலும் என்னைக் காட்டி. அவர் நடிக்கவில்லை. தான் அணைத்ததற்கும் இதற்கும் தொடர்பிருப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை. அதுதான் இன்னும் கசக்கிறது.

மாற்றுத் தளத்தைக் கொழும்பில் இரவும் பகலும் ஓடும் கணினி ஒன்றுக்கு மாற்றிவிட்டேன். பழைய பெட்டியை அதே மேசையில் விட்டிருக்கிறேன், மாலையில் அவர் அணைப்பதற்கு.