பூவாயி தரையில் உட்கார்ந்த நாள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். காரைக்கால் பக்கம் சுரக்குடியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் இருபது வருஷமாகக் கிளார்க் வேலை. வருகிறவர்களை அதட்டி அதட்டி வீட்டிலும் அதே குரல் வந்துவிட்டது. என் அண்ணி பூவாயி எனக்கு நேரெதிர். கேட்டால்தான் பேசுவாள், அதுவும் பாதிதான். மீதியை எப்போதும் நான் முடித்து வைப்பேன். ஒருநாள் அப்படி முடித்து வைத்ததில்தான் அவள் குடி கெட்டது.

பூவத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வாழ வந்தபோது அவளுக்கு வயது இருபத்தொன்று. என்னைவிட இரண்டு வயது மூத்தவள். நடவுக்குப் போனால் அவள் பிடிக்கிற வரிசைக்கு மற்றவர்கள் ஓடிவர வேண்டும். அண்ணன் மாரிக்கண்ணு டிராக்டர் ஓட்டுகிறார்; நானும் என் மகளும் அதே வீட்டில்தான். ஒன்பது வருஷம் பிள்ளையில்லாமல் இருந்து பிறகு பிறந்தவள் நிலா. பிறந்ததும் அழவில்லை. மூளைக்குக் காற்றுப் போகவில்லை என்றார்கள். இப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. நடக்க மாட்டாள், உட்கார மாட்டாள், பேச மாட்டாள். ஆனால் முகம் தெரியும். அம்மாவைப் பார்த்தால் வீடே கேட்கிற மாதிரி சிரிப்பாள்.

நிலாவுக்குச் சோறு ஊட்டுவது சாதாரணக் காரியமில்லை. அண்ணி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, ஒரு காலை மடித்து, அவளை மடியில் சாய்த்துக்கொள்வாள். கழுத்து இடது முழங்கையில் இருக்க வேண்டும், கொஞ்சம் சரிந்தாலும் புரையேறிவிடும். மசித்த சோறு, சின்னச் சின்ன உருண்டை. மூன்று வேளையும் வேளைக்கு ஒரு மணி நேரம். கட்டிலில் வைத்து ஊட்டிப் பார்த்தோம், வாயையே திறக்கவில்லை. அந்த மடி இருந்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

போன சம்பா நடவில் அண்ணி காலை இழுத்து இழுத்து நடக்க ஆரம்பித்தாள். எக்ஸ்ரே எடுத்ததில் இடுப்பு மூட்டுப் பந்து தேய்ந்து நொறுங்கியிருந்தது. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றார்கள்.

அதே சமயத்தில்தான் என் மகள் எழில்மதிக்குத் திருமலைராயன்பட்டினத்திலிருந்து வரன் வந்தது. ஏற்கெனவே இரண்டு வரன் கைநழுவிப் போயிருந்தது. “அந்த வீட்ல அப்படி ஒரு பொண்ணு இருக்காமே, ரத்தத்துல வர்றதா இருந்தா?” என்று பேசிவிட்டு வராமல் இருந்துவிட்டார்கள். அதனால் மூன்றாவதாக வந்தவர்களிடம் நிலாவைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை. பெண் பார்க்க வந்த அன்று அண்ணி நிலாவை ஆட்டோவில் போட்டுக்கொண்டு பூவத்தில் தாய்வீட்டில் போய் இருந்தாள். போகச் சொன்னவள் நான்தான். அந்தக் காலோடு நிலாவைத் தூக்கிக்கொண்டு போனாளே, எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை. பாவி நான்.

மாப்பிள்ளையின் சித்தப்பா தெட்சிணாமூர்த்தி, தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் மருந்துக் கடை பார்க்கிறவர். கல்யாணம் பேசி முடித்தாயிற்று, சம்பந்தி வீட்டுக்காரர்கள் என்று தானே முன்வந்து டாக்டரிடம் நேரம் வாங்கிக் கொடுத்து, எங்களோடு உள்ளேயும் வந்து உட்கார்ந்தார்.

டாக்டர் நல்ல பொறுமைசாலி. பிளாஸ்டிக் எலும்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: “ரெண்டு வழி இருக்கும்மா. பின்பக்கமா பிரிச்சு வைக்கிறது ஒண்ணு. எனக்குக் கை பழகின வழி அதுதான், நல்லா வரும். ஆனா மூணு மாசத்துக்குத் தரையில உக்காரக் கூடாது, குனியக் கூடாது. மீறினா பந்து கழண்டுக்கும். இன்னொண்ணு முன்பக்கமா, தசைய வெட்டாம வெலக்கிட்டு உள்ள போறது. ஆரம்பத்துல கழண்டுக்குற பயம் அதுல கம்மின்னு சொல்றாங்க. தொடை கொஞ்ச நாள் மரத்துப் போவலாம். நான் அதை அதிகமா பண்ணதில்ல. புதுச்சேரியில ஒருத்தர் பண்றாரு, ரெண்டு மாசம் காத்திருக்கணும். எதுல பண்ணாலும் தரையில உக்கார்றதக் கொறச்சுக்கத்தான் வேணும். உங்களுக்குத் தரையில உக்காந்து செய்யற வேலை என்னென்ன இருக்கு?”

அண்ணி முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டாள். “முன்பக்கமாவே பண்ணிக்கலாங்களா சார்? காத்திருக்கேன். வீட்ல எனக்கு…”

தெட்சிணாமூர்த்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நிலா பேச்சு அவர் காதில் விழுந்துவிடக் கூடாதே என்று நான் முந்திக்கொண்டேன். “வீட்ல நாங்க பெரியவங்க மட்டுந்தான் டாக்டர்,” என்றேன். “ஒரு வேலையும் கெடையாது. சேரு, கட்டிலு எல்லாம் இருக்கு. சும்மா பயப்படுறாங்க.”

“அப்படியாம்மா?” என்று டாக்டர் அவளைத்தான் கேட்டார்.

அண்ணி என் முகத்தைப் பார்த்தாள். “ஆமாங்க சார்,” என்றாள்.

“அப்ப பின்பக்கமே போதும். எதுக்கு அலையணும்?” என்று எழுதிவிட்டார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் ரொம்ப நேரம் கழித்து அண்ணி கேட்டாள்: “நிலாவுக்கு யாரு ஊட்டுவா வினோதா?”

“நான் ஊட்டுறேன் அண்ணி. மூணு மாசந்தானே, என்ன பெரிய மலையா?” என்றேன்.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். நான் லீவு போட்டுவிட்டு நிலாவோடு மல்லுக்கட்டினேன். மடியில் போட்டால் முறுக்கிக்கொள்வாள். உருண்டையை வாயில் வைத்தால் துப்புவாள். பார்வையெல்லாம் நாற்காலியில் இருக்கிற அம்மாமேல்தான். ஒருநாள் பொறுக்காமல் அவளை அதட்டிவிட்டேன், தொடையில் ஒரு தட்டுகூடத் தட்டிவிட்டேன்.

“அடிக்காத வினோதா. அவளுக்கு என்னா தெரியும்? கழுத்தத் தூக்கிப் புடி,” என்று அண்ணி நாற்காலியிலிருந்து கெஞ்சினாள். பக்கத்தில் இருந்தும் தொட முடியவில்லை. மூன்று வாரத்தில் நிலாவின் கன்னம் ஒட்டிப்போயிற்று. இரண்டு தடவை குளுக்கோஸ் ஏற்றினோம்.

இருபத்தாறாம் நாள் கல்யாணப் புடவை எடுக்க எழில்மதியோடு காரைக்கால் போனேன். அண்ணன் வயலில். பகல் பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வந்தால் நாற்காலி காலியாக இருக்கிறது. அண்ணி சுவரில் சாய்ந்து தரையில் இருந்தாள். மடியில் நிலா. பக்கத்தில் வழித்துத் துடைத்த கிண்ணம். நிலா சிரித்துக்கொண்டிருந்தாள். அண்ணியின் முகமெல்லாம் வேர்வை, உதட்டைக் கடித்ததில் ரத்தம். வலது கால் உள்பக்கமாகத் திரும்பிக் கட்டையாகிக் கிடந்தது.

“ஐயோ அண்ணி, என்னா பண்ணீங்க!”

“சாப்புட்டா வினோதா. முழுசும் சாப்புட்டா.”

உட்கார்ந்து அவளை மடிக்கு இழுக்கும்போதே பந்து கழன்றுவிட்டதாம். அந்த வலியோடு ஒரு மணி நேரம் அசையாமல் இருந்து ஊட்டி முடித்திருக்கிறாள். அசைந்தால் பிள்ளைக்குப் புரையேறிவிடுமே.

தஞ்சாவூரில் பொருத்தி அனுப்பினார்கள். பத்து நாளில் கட்டிலில் புரளும்போதே மறுபடி கழன்றது. இரண்டாவது ஆபரேஷன் ஆயிற்று. டாக்டர் கட்டில் பக்கத்தில் நின்று, “ஏம்மா தரையில உக்காந்தீங்க? அவ்ளோ சொன்னேனே?” என்றார்.

“எனக்கு ஒரு பொண்ணு இருக்கா சார்,” என்றாள் அண்ணி. தெட்சிணாமூர்த்தியும் அங்கேதான் நின்றிருந்தார். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. அவளே முழுசும் சொல்லி முடித்தாள்.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “மொதல்லயே சொல்லியிருந்தா புதுச்சேரிக்கே அனுப்பியிருப்பேனே. இல்லன்னா அந்தப் பொண்ணுக்குக் கட்டில்ல சாப்பிடப் பழக்கம் பண்ணிட்டு, ஆறு மாசம் கழிச்சுப் பண்ணியிருக்கலாம். ரெண்டாவது தடவ ஆயிடுச்சு. இனிமே ஆயுசுக்கும் நீங்க தரையில உக்காரக் கூடாதும்மா,” என்றார். முன்பக்கமாகச் செய்திருந்தால் கழன்றிருக்காதா என்று கேட்டேன். அது யாராலும் சொல்ல முடியாது என்றார். வராந்தாவில் தெட்சிணாமூர்த்தி என்னிடம், “இதப் போயி ஏங்க மறைச்சீங்க? நாங்க என்ன சொல்லப் போறோம்?” என்று மட்டும் கேட்டார். ஓங்கி அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

எழில்மதி கல்யாணம் நடந்தது. அண்ணி ஆஸ்பத்திரியிலும் படுக்கையிலுமாகக் கிடந்த அந்த மூன்று மாதத்தில் நிலா, வேறு வழியில்லாமல், என் கைக்குப் பழகினாள். முதலில் இரண்டு உருண்டை, அப்புறம் நாலு. இப்போது ஆபீசுக்குப் போகுமுன் ஒரு வேளை, மதியம் ஓடி வந்து ஒரு வேளை, இரவு ஒரு வேளை நான்தான் ஊட்டுகிறேன். சோற்றை மசித்து உருட்டிக் கொடுப்பது மட்டும் அண்ணியின் வேலை.

போன வாரம் அண்ணி உயரமான கட்டிலில் தலையணைகளை அடுக்கி, நிலாவை அதில் கிடத்தச் சொன்னாள். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தானே ஓர் உருண்டையை அவள் வாய்க்குக் கொண்டுபோனாள். நிலா வாயை இறுக்கிக்கொண்டாள். அண்ணி கொஞ்சினாள், பாடினாள், கன்னத்தைத் தடவினாள். நிலா கழுத்தைத் திருப்பி, வாசல்படியில் நின்ற என்னைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. “அண்ணி, என்னத் திட்டுங்க அண்ணி. நாலு வார்த்தை திட்டித் தொலைங்க,” என்று அழுதேன்.

அண்ணி உருண்டையைக் கிண்ணத்திலேயே வைத்து என்னிடம் நீட்டினாள்.

“சோறு ஆறிடும், ஊட்டு,” என்றாள். “எங்கயும் போயிடாத வினோதா.”