வந்துவிட்டான் என்று அச்சான அண்ணன்

என் அண்ணன் காணாமல் போனது ஒரு நடவுக் காலத்தில். கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு பழுதாகித் தண்ணீர் ஏறாமல் நின்றுவிட்டது. புது வால்வு வாங்கி வருகிறேன் என்று காலையில் காஞ்சிபுரம் கிளம்பினான். பக்கத்து ஊரான பெருநகரில் அவன் பஸ் ஏறியதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். காஞ்சிபுரத்தில் இறங்கியதைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

வீட்டில் சண்டை எதுவும் நடக்கவில்லை. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு நைனாவோடு வயலில் நின்றவன். பெண் விவகாரம் என்று சிலர் சொன்னார்கள். அப்படி ஒரு பெண்ணை யாராலும் காட்ட முடியவில்லை. நைனா போலீசில் புகார் கொடுத்தார், ஆஸ்பத்திரிகளில் பார்த்தார், சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் போய் வந்தார். அந்தப் போகம் எங்கள் நிலம் பாதிக்கு மேல் நடாமலே கிடந்தது.

அவனுக்கு ஒரே தங்கை நான், அப்போது ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அதே வருடங்களில்தான் அந்த வாரப் பத்திரிகை எங்கள் பக்கம் பரவியது. முதலில் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பாயின் பெட்டிக்கடையில் மட்டும் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கியது. அட்டையில் நடிகை, நடுப்பக்கத்தில் பிரித்தெடுத்து ஒட்டிக்கொள்ள இன்னொரு நடிகை. உள்ளே யாருக்குக் கல்யாணம், யாருக்கு யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்கிற செய்திகள். இவற்றுக்கு நடுவே நான்கு பக்கம், சாதாரண ஜனங்களின் கதை. இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போன பிள்ளை, வெளிநாடு போய்த் திரும்பாத புருஷன், ஒட்டிப் பிறந்த குழந்தைகள். எல்லாவற்றுக்கும் புகைப்படம் உண்டு. எல்லாப் புகைப்படத்திலும் யாராவது ஒருவர் அழுதுகொண்டிருப்பார்.

கொஞ்ச நாளில் அது முடிதிருத்தும் கடைக்கு வந்தது, டீக்கடைக்கு வந்தது, மாகறல் பக்கமிருந்து நடவுக்கு வரும் பெண்களின் பேச்சுக்கும் வந்தது. படிக்கத் தெரிந்த ஒருத்தி படிப்பாள், மற்றவர்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். கட்டு வந்து இறங்குகிற அன்று மத்தியானத்துக்குள் பாய் கடையில் தீர்ந்துவிடும். பாயே ஒரு தடவை நைனாவிடம் சொன்னாராம், "படத்துக்காவ வாங்குறாங்க அண்ணே. ஆனா அழுவுறதுக்குத்தான் படிக்கிறாங்க."

அண்ணனின் படத்தை அதில் போடலாம் என்ற யோசனையைச் சொன்னதும் பாய்தான். நல்ல மனசோடு சொன்னார். "போலீசு இன்னா தேடிடப் போறாங்க? இதுல ஒருவாட்டி வந்தா ஊரு ஒலகத்துக்கே தெரிஞ்சிடும். நிருபர் தம்பி நம்ம கடைக்கு வரும், நான் பேசுறேன்."

நிருபர் வந்தார். ஒல்லியான ஆள், பஸ்ஸில்தான் வந்தார், தோளில் கேமரா பை. எங்கள் வீட்டில் மோர் வாங்கிக் குடித்தார். நைனா சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அம்மாவிடம் கேட்டபோது அவள் அதிகம் பேசவில்லை.

"எம்புள்ள வந்தா போதும் சார். வேற இன்னா கீது சொல்றதுக்கு."

"பையனுக்கு என்ன பிடிக்கும்மா?"

"எது போட்டாலும் துன்னுவான்."

அண்ணனின் சட்டை ஒன்றைக் கையில் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அம்மா பிடித்துக்கொண்டாள். அவள் அழுவாள் என்று கேமராவைத் தூக்கியபடியே காத்திருந்தார். அம்மாவுக்கு அழுகை வரவில்லை. அழுது தீர்ந்து பல மாதம் ஆகியிருந்தது. கடைசியில் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ளச் சொல்லி எடுத்தார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அச்சில் வந்தபோது என் தோளில் பாதி மட்டும் இருந்தது.

இதழ் வந்த அன்று நான்தான் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அண்ணனின் படம் தெளிவாக இருந்தது. ஊர்ப் பெயர், அடையாளம், பாய் கடை விலாசம் எல்லாம் சரி. ஆனால் அம்மா பேசியதாக இப்படி இருந்தது: என் செல்ல மகனுக்கு அதிரசம் என்றால் உயிர், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதிரசம் சுட்டு வைத்துக்கொண்டு வாசலில் விளக்கோடு காத்திருக்கிறேன், வந்துவிடு கண்ணே.

அம்மா என்னை நிறுத்தினாள். "நான் இப்பிடிச் சொல்லலியே?"

"அப்பிடித்தாம்மா போட்டுக்கீது."

"அவன் இனிப்பே வாயில வெக்க மாட்டானே. கருவாடு இருந்தா குண்டானயே காலி பண்ணுவான்." பிறகு சொன்னாள், "போவுது வுடு. அதப் படிச்சிட்டாவது வரட்டும்."

அதற்கப்புறம் தகவல்கள் வந்தபடி இருந்தன. திருப்பதியில் மொட்டை போட்டுக்கொண்டு நிற்கிறான், வேலூரில் ஒரு ஓட்டலில் இலை எடுக்கிறான், பம்பாயில் பார்த்தோம். பாய் கடைக்கு போன் வரும். பாய் யாரிடமாவது சொல்லியனுப்புவார். நைனா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒவ்வொரு தடவையும் போகும்போது இருந்த முகம் ஒன்று, வரும்போது இருந்த முகம் இன்னொன்று. கடைசிக் கடைசியில் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

ஒரு மத்தியானம் அந்தப் பையன் வந்தான்.

நான் பள்ளிக்கூடம் போகாத நாள் அது. வாசலில் ஒரு ஆள் நின்று "அம்மா" என்று கூப்பிட்டான். அண்ணன் வயசுதான் இருக்கும். தாடி, அழுக்குப் பேன்ட், செருப்பில்லாத கால். அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். வாசற்படியில் நின்றுவிட்டாள். அவன் முகத்தை அவள் பார்த்த நேரம் ரொம்பக் கொஞ்சம். அதற்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது பின்னாலிருந்த எனக்கே தெரிந்தது, அவள் தோள் அப்படியே இறங்கியது.

"நான்தாம்மா. வந்துட்டேன்" என்றான். அப்புறம், யாரோ சொல்லிக் கொடுத்ததைப் போல, "அதிரசம் சுட்டு வெச்சிக்கிறியாம்மா?" என்று கேட்டான்.

அம்மா உள்ளே போனாள். இலை போட்டாள். "கை கழுவிக்கினு வந்து குந்து" என்றாள்.

அவன் சாப்பிட்ட விதத்தை நான் மறக்கவில்லை. தலையைத் தூக்கவே இல்லை. நைனா வயலிலிருந்து வந்து பார்த்துவிட்டு, அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கப் போனார். "யார்றா நீ? எந்த ஊருடா?"

அம்மா குறுக்கே வந்தாள். "வுடுங்க. துன்னுட்டுப் போவட்டும்."

"எம்புள்ள பேரச் சொல்லிக்கினு வந்துக்கிறான், வுட சொல்றியா?"

"பசிச்சி வந்துக்கிறான். யாரு பேரச் சொன்னா இன்னா?"

அவன் யாரென்று கடைசிவரை சொல்லவில்லை. சில நாட்கள் எங்கள் மாட்டுக் கொட்டகையில் படுத்துக்கொண்டான். அண்ணனின் சட்டை ஒன்றை அம்மா அவனுக்குக் கொடுத்தாள். அதன் கை அவனுக்கு எட்டவில்லை. அவன் வீட்டில் இருந்த நாட்களில் அம்மா அவனிடம் சாப்பாட்டைத் தவிர எதைப் பற்றியும் பேசவில்லை. ஆனால் ஊரில் பேச்சு நிற்கவில்லை. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் இது எங்கள் பிள்ளை இல்லை என்று நைனா சொன்னார். வந்தவர்கள் தலையாட்டிவிட்டுப் போய், டீக்கடையில் தங்களுக்குத் தோன்றியதைச் சொன்னார்கள்.

யார் போன் செய்தார்களோ, அந்த நிருபர் வந்துவிட்டார். இந்த முறை மோட்டார் பைக்கில், கூடவே கேமராவுக்குத் தனியாக ஒரு ஆள்.

நைனா அவர் உட்காரும் முன்பே சொன்னார். "சார், இது எங்க புள்ள இல்ல. நீங்க எழுதனதப் படிச்சிட்டு வந்துக்கிறான். நம்ம பையன இன்னொருவாட்டி போடுங்க சார், அதுக்குத்தான் ஒங்களையே தேடிக்கினு இருந்தேன்."

"புரியுதுங்கய்யா" என்றார் நிருபர். அந்தப் பையனை மரத்தடிக்கு அழைத்துப் போய் ரொம்ப நேரம் பேசினார். திரும்பி வந்து அம்மாவிடம், "நீங்க சோறு போடறத மட்டும் ஒரு படம் எடுத்துக்கறோம்மா. யாரோ ஒரு பிள்ளைக்குச் சோறு போடற தாய். அதுவே பெரிய கதை" என்றார். அம்மாவுக்கு அதில் தப்பாக எதுவும் தெரியவில்லை. வழக்கம் போலப் பரிமாறினாள். படம் எடுத்தார்கள்.

மறுநாளோ அதற்கு மறுநாளோ அந்தப் பையன் போய்விட்டான், சொல்லிக்கொள்ளாமல். நைனா வீட்டுச் சாமான்களையெல்லாம் பார்த்தார். எதுவும் குறையவில்லை.

அடுத்த இதழின் அட்டையில், நடிகையின் முகத்துக்குக் கீழே, வட்டத்துக்குள் அம்மா. கையில் கரண்டி. பக்கத்தில் பெரிய எழுத்தில்: எங்கள் செய்தியால் தாயைச் சேர்ந்த மகன்! உள்ளே இரண்டு பக்கம் முழுக்க அதுதான். தாயும் மகனும் கட்டிக்கொண்டு கதறினார்களாம். பார்த்துக்கொண்டிருந்த எங்கள் நிருபரின் கண்ணும் கலங்கியதாம். அதிரசமும் வந்திருந்தது.

நான் பாதி படித்து நிறுத்திவிட்டேன். அம்மா முழுசாகப் படிக்கச் சொன்னாள். படித்தேன். நைனா எழுந்து வெளியே போனார்.

அந்த இதழ் உத்திரமேரூரில் காலையிலேயே தீர்ந்து, காஞ்சிபுரத்திலிருந்து மறுபடி கட்டு வந்தது என்று பாய் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் நைனாவின் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் கேட்டேன் அண்ணே, அந்தத் தம்பியக் கூப்ட்டுக் கேட்டேன். மேல ஆபீசுல மாத்திட்டாங்கன்னு சொல்லுது. பேஜாராப் பூட்ச்சி. நான்தான் ஒங்கள இதுல கோத்து வுட்டேன்."

நைனா மெட்ராசுக்கே போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார், பேசுவதற்கு ஒரு படித்த ஆள் வேண்டும் என்று. பத்திரிகை அப்போதுதான் புது இடத்துக்கு மாறியிருந்தது. கண்ணாடிக் கதவு, கூடம் முழுக்கச் சட்டம் போட்டு மாட்டிய அட்டைப்படங்கள். வெகு நேரம் உட்கார வைத்தார்கள். பிறகு இளவயது ஆசிரியர் ஒருவர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். காப்பி வரவழைத்தார்.

"அந்த இதழ் எங்களுக்கு ரொம்ப நல்லாப் போச்சுங்கய்யா. எத்தனை பேர் சந்தோஷப்பட்டு எழுதியிருக்காங்க தெரியுமா? இப்பப் போய் அது பொய்ன்னு போட்டா, படிச்சவங்க மனசு என்ன ஆகும்?"

"எம்புள்ள இன்னும் கெடைக்கலீங்க" என்றார் நைனா.

"புரியுது. சின்னதா ஒரு குறிப்பு போடச் சொல்றேன்."

பல வாரம் பார்த்தோம். குறிப்பு வரவில்லை. அந்த நான்கு பக்கமும் மெல்ல மெல்லச் சுருங்கின. டி.வி. சீரியல் நடிகைகள் வீட்டுச் சமையலறைக்குள் நம்மைக் கூட்டிப் போகும் பக்கங்கள் வந்தன. ஷாம்பு பாக்கெட் இலவசம் வந்தது. நிருபர் பெரிய பொறுப்புக்கு உயர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டோம். நைனா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனபோது, "அதான் வந்துட்டான்னு புக்குலயே போட்டாங்களே, பெரியவரே" என்று அனுப்பிவிட்டார்கள்.

போன் வருவதும் நின்றுபோனது. வந்தவரைக்கும் எல்லாம் பொய்த் தகவல்தான், ஆனாலும் வந்துகொண்டிருந்தது. இப்போது யாரும் அண்ணனைத் தேடவில்லை. திருப்பதியிலோ வேலூரிலோ அவன் முகத்தைப் பார்க்கும் ஒருவருக்கு, இவனைத் தேடுகிறார்கள் என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை. அவனே எங்காவது அந்த இதழைப் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பான் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். தன் இடத்தில் வேறொருவன் உட்கார்ந்து சாப்பிடுவதை, அம்மா பரிமாறுவதைப் பார்த்திருப்பான்.

பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்கள் அம்மாவை அடையாளம் கண்டுகொண்டார்கள். "மவன் வந்துட்டானாமே, நல்லா கீறானா?" ஆரம்பத்தில் அம்மா உட்கார வைத்து விளக்கினாள். அவர்கள் நம்பாமல் பார்ப்பார்கள், அல்லது பத்திரிகையில் போட்டிருந்ததே என்பார்கள். சில வருடங்களில் அவள் விளக்குவதை விட்டுவிட்டாள். "கீறான்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ரெண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் கழித்து நைனா இறந்தார். நான் கல்யாணமாகிச் செங்கல்பட்டில் இருந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பாடை கட்டி முடித்திருந்தார்கள். வெளியூர்ச் சொந்தங்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். எடுக்க நேரமாகிறது என்று எங்கள் சித்தப்பா அவசரப்படுத்தினார். அப்போது ஒரு பெரியவர், நைனாவின் ஒன்றுவிட்ட மாமா, "பெரியவனுக்குச் சொல்லியனுப்பினீங்களா? கொள்ளி வெக்கிற புள்ள வராம எப்பிடி எடுக்கிறது?" என்றார்.

சித்தப்பா அவர் காதில் ஏதோ சொன்னார். அவருக்குக் காது மந்தம். "வந்துட்டான்னு பொஸ்தகத்துல நானே பார்த்தனே, அம்மாக்காரி சோறு போடுறா" என்று சத்தமாகவே சொன்னார்.

கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். படத்தில் இருந்தது அண்ணன் இல்லை என்று தெரிந்தவர்களும் கூடவே நின்றார்கள். பிறகு சித்தப்பா மகன் தலை முழுகி வந்து கொள்ளிச்சட்டியை எடுத்தான்.

ஆண்கள் சுடுகாட்டுக்குப் போன பின் பெண்கள் எல்லோரும் உள்ளே உட்கார்ந்திருந்தோம். பேச்சு அண்ணன் மேல் திரும்பியது. பெத்தவ கையால துன்னுட்டுப் போனவன், அப்பன் சாவுக்குக்கூட வர மனசில்ல பாரு, இவனப் பெத்ததுக்குப் பெறாம இருந்திருக்கலாம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். நான் வாயைத் திறப்பதற்குள், அதுவரை சுவரில் சாய்ந்து கிடந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அவனத் திட்டாதீங்க" என்றாள். "அவன் வரவே இல்ல."

அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் ஆதரவாகத் தடவிக் கொடுத்தாள். "அதான் யக்கா நாங்களும் சொல்றோம். வரவே இல்ல, பாரு."

அம்மா அவளைப் பார்த்தாள். மறுபடி சுவரில் சாய்ந்துகொண்டாள்.