எண்ணாமல் கிளம்பிய ஒரு நாள்

ஜாசின் சந்தையில் மீன்காரரோடு நான் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தபோது செய்தி வந்தது. புலாவ் செபாங்கிலிருந்து வந்த பஸ் கண்டக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "மீனாக்கா, ஸ்டேஷன் பக்கத்து ஞானம்மா தவறிட்டாங்க. நேத்து சாயங்காலம்," என்றார். கையிலிருந்த மீனைத் திரும்பத் தட்டிலேயே போட்டேன். வாயாடி என்று ஊரெல்லாம் பெயர் வாங்கிய நான், பேசிக்கொண்டிருந்த விலையை அப்படியே விட்டுவிட்டேன். மீன்காரர் பாவம், தன் மேல்தான் கோபம் என்று நினைத்து, "சரி, நீங்க சொன்னபடியே எடுத்துக்குங்க லா," என்றார். நான் வெறும் கூடையோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நியாலாஸ் பக்கத்துத் தோட்டங்களில் அவரை 'அடுப்பம்மா' என்றால்தான் தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே குமாஸ்தா ஒருவரின் மனைவியாக இங்கே வந்தவர். கணவர் இறந்த பிறகு, ஜாசினில் ஒரு சாமான் கடைக்காரர் மண்ணெண்ணெய் அடுப்பை வீடுகளில் செய்து காட்டி விற்க ஆள் தேடியபோது, அந்த வேலைக்கு நாங்கள் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஒரு பெண் தன் வீட்டுக்கு அக்கம்பக்கத்துப் பெண்களை அழைப்பாள். நாங்கள் போய் அடுப்பைப் பற்றவைத்து ஏதாவது சமைத்துக் காட்டுவோம். பிடித்தவர்கள் தங்களுக்கும் ஒன்று வேண்டுமென்று சொல்வார்கள். அழைத்தவளுக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தல் ஒன்று பரிசு. "நான் அடுப்பைப் பாக்கிறன், நீர் ஆக்களைப் பாரும்," என்று முதல் நாளே அக்கா வேலையைப் பிரித்துவிட்டார். அதாவது, அவர் செய்வார், நான் பேசுவேன்.

அந்த முதல் நாள் நான் மானத்தை வாங்கினேன். சாமான்களையெல்லாம் ஒரே சாக்கில் திணித்துக்கொண்டு போயிருந்தேன். எண்ணெய் ஊற்றும் புனல் அகப்படவில்லை. நான் சாக்கைக் குடைந்துகொண்டிருக்க, குழாயில் தண்ணீர் வரும் நேரமாயிற்று என்று பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள். அக்கா என்னைத் திட்டவில்லை. "சாமானைத் தேடுற நேரத்தில சனம் எழும்பிப் போயிடும், பிள்ளை," என்றார். அடுத்த வாரம் கித்தான் துணியில் ஒரு பெரிய பை தைத்துக்கொண்டு வந்தார். உள்ளே வரிசையாக அறைகள். திரி, திரி வெட்டும் கத்தரி, தீப்பெட்டி, புனல், கைத்துணி என்று எது எந்த நேரத்தில் வேண்டுமோ அந்த வரிசையில் இருக்கும். எல்லாம் சேர்த்து இருபத்துமூன்று. ஒவ்வொரு வீட்டை விட்டுக் கிளம்பும்போதும் ஒவ்வொன்றாகத் தொட்டு, வாய்விட்டு எண்ணுவார். செய்து காட்ட வைத்திருந்த எங்கள் கேத்தலைக்கூடத் திறந்து உள்ளே இருக்கும் இரண்டு குவளைகளையும் தொட்டுப் பார்ப்பார். நான் கேலி செய்வேன். காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரர்கள் சண்டை போட்ட அந்த அவசரகாலத்தில் எட்டுப் பெண்கள் ஓர் அறையில் கூடுவதென்றால் சும்மாவா? தோட்டத்து ஆபீசில் முன்கூட்டியே பெயர் கொடுத்து அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அக்கா அதற்காக ஒரு நாள் முன்னதாகவே போய்விடுவார். காற்று எந்தப் பக்கம் வருகிறது, அடுப்பை எங்கே வைத்தால் அணையாது, யார் யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு வருவார். ஒரு தடவை, வரப்போகும் ஒருத்திக்கு இடது கண் பார்வையில்லை என்று கேள்விப்பட்டு, அடுப்பு வலக்கண் பக்கம் வரும்படி அவளுக்கென்று எதிரே தனியாக ஒரு பலகை போட்டு வைத்தார். அந்தப் பெண்ணுக்கு அது தெரியவே தெரியாது. விடிவதற்கு முன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடுகிறவர்களுக்கு விறகு ஊதும் நேரமாவது மிச்சமாகட்டும் என்பதுதான் அவருக்கு அக்கறை. விற்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இனி அந்த நாளைச் சொல்ல வேண்டும். பல வருஷமாக நான் ஒருவரிடமும் சொல்லாதது.

நியாலாஸ் தாண்டி ஒரு தோட்டம். லயங்களைச் சுற்றி முள்வேலி. ஒரே வாசல், அதில் காவல். உள்ளேயிருந்து ஒரு பிடி அரிசி வெளியே போகக்கூடாது. காட்டில் இருப்பவர்களுக்குப் போய்விடுமாம். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் பெண்களின் மடியைக்கூடத் தடவிப் பார்ப்பார்கள். எங்கள் பையை மட்டும் யாரும் சோதிப்பதில்லை. அக்காவின் ஒழுங்கு காவல்காரர்களுக்குப் பழகிப்போய், தூரத்தில் பார்க்கும்போதே "ஜாலான், ஜாலான்" என்று போகச் சொல்லிக் கையசைத்துவிடுவார்கள்.

அன்று கூட்டம் முடிகிற நேரத்தில் பேய் மழை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அக்கா வீட்டுக்காரியிடம் திரி மாற்றுவதைக் காட்டிக்கொண்டிருந்ததால், "இண்டைக்கு நீரே அடுக்கும்," என்றார். நான் அடுக்கிக்கொண்டிருந்தபோது பாக்கியம் பக்கத்தில் வந்து குந்தினாள். பால் வெட்டுகிறவள், என் வயதுதான் இருக்கும். கையில் ஒரு சின்னத் துணி முடிச்சு.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. எம் மவ சரசு புள்ள பெத்து பதினோரு நாளு ஆவுது. அவ இருக்குற தோட்டத்துல குடுக்குற அரிசி பத்தலியாம். பாலே ஊறலன்னு அழுவுறா. மாப்ள ரோட்டு முனையில நிப்பாரு. குடுத்துருங்கக்கா."

இரண்டு வேளைக் கஞ்சிக்குக்கூடக் காணாத அரிசி. நான் தலையாட்டினேன். அவளே கேத்தலுக்குள் குவளைகளுக்கு நடுவில் அதை வைத்து மூடினாள். அக்காவிடம் சொன்னால் வேண்டாமென்பார், வீணாகப் பயப்படுவார், வெளியே போன பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அன்று பார்த்து வாசலில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி நின்றுகொண்டிருந்தார். அப்படியும் காவல்காரர் வழக்கம்போலக் கையசைத்துவிட்டார். நாலு எட்டு வைத்தால் ரோடு. அக்கா நின்றுவிட்டார். எண்ணாமல் ஒரு வீட்டை விட்டுக் கிளம்பியது அவர் மனசை அரித்திருக்க வேண்டும்.

"பஸ் போயிடும்க்கா, வாங்க," என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"ஒரு நிமிசம் பொறும். எண்ணிப்போட்டு வாறன்."

காவல் கூரையின் கீழ் மேசையில் பையை வைத்து எண்ணத் தொடங்கினார். நான் அவர் காதில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதிகாரி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பஸ் வருகிறதா என்று ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அக்கா கேத்தலைத் திறந்தார். "இருபத்திநாலு... ஒண்டு கூடுதே," என்று முடிச்சை வெளியே எடுத்து, எல்லார் முன்னாலும் சொன்னார்: "இது எங்கட சாமான் இல்லை."

முடிச்சை அவிழ்த்து அதிகாரி பார்த்த பிறகுதான், தான் என்ன செய்துவிட்டோம் என்பது அவருக்குப் புரிந்தது. முகம் செத்துப்போயிற்று. யாருடையது என்று கேட்டார்கள். தெரியாது என்று அழுதார். அவருக்கு உண்மையிலேயே தெரியாது. என்னைக் கேட்டார்கள். நானும் தெரியாது என்றேன்.

அனுமதிச் சீட்டில் எட்டுப் பெயரும் இருந்தன. எட்டுப் பேரையும் மழையில் வரிசையாக நிறுத்தினார்கள். இடுப்பில் பிள்ளையோடு நின்றவளை ஒருவன் அதட்டியதும், பாக்கியம் தானாகவே முன்னால் வந்து, "என்னோடதுதான்," என்றாள். யார் உதவி செய்தது என்று கேட்டார்கள். என்னை ஒரு முறை பார்த்தாள். "யாரும் இல்ல. நானாத்தான் ஒளிச்சு வச்சேன். அவங்களுக்குத் தெரியாது." அவ்வளவுதான். லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

பாக்கியம் திரும்பி வரவில்லை. சிறையிலிருந்து நேராகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்று சொன்னார்கள். பத்து வயதில் விட்டு வந்த ஊர். அங்கே அவளுக்கு யார் இருக்கிறார்கள்? அக்கா எழுதிய கடிதங்கள் ஒன்றுவிடாமல் திரும்பி வந்தன. சில மாதங்களில் எங்கள் பக்கத்தைக் கட்டுப்பாடு நீங்கிய வெள்ளைப் பகுதி என்று அறிவித்தார்கள். காவல் போயிற்று. அதே வாசல் வழியாக அரிசி மூட்டை சைக்கிளில் போயிற்று. அக்கா அதைப் பார்த்துவிட்டு ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "நான் வாயைத் திறந்திருக்காட்டி அந்த மனுசி இண்டைக்குப் பேரப்பிள்ளையோட இருந்திருக்கும்," என்றார். பக்கத்தில்தான் நான் நின்றேன்.

அதன் பிறகு அவர் எதையும் எண்ணியதில்லை. தீப்பெட்டி இல்லாமல் போவார். திரியை வீட்டில் விட்டுவிட்டு வருவார். பெண்கள் சிரிப்பார்கள், எழுந்து போவார்கள், இவர் பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்த வருஷம் கடைக்காரர் அவரை நிறுத்திவிட்டார். நான் தொடர்ந்து வேலை செய்தேன்.

ஒரே ஒரு காரியத்தை மட்டும் அவர் விடவில்லை. மாதா மாதம் சரசுவுக்கு அரிசி வாங்குவார். முதல் தடவை அவரே கொண்டுபோனபோது சரசு, "ஒங்க கையால ஒரு பருக்க வேணாம். எங்கம்மாவ காட்டிக் குடுத்த கை," என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டாள். அதனால் அவர் வாங்குவார், நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவர் பெயரைச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். "நீங்கதான்க்கா எங்கம்மா எடத்துல இருக்கீங்க," என்று சரசு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள். அந்தக் கையை நான் ஒரு தடவைகூட இழுத்துக்கொள்ளவில்லை.

போன மாதம் அவரைப் பார்க்கப் போனேன். படுக்கையிலிருந்து எழ முடியவில்லை. இன்று சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் பஸ் ஏறியிருந்தேன். "அக்கா, அந்த அரிசி..." என்று ஆரம்பித்ததுமே, மெலிந்து போன கையால் என் வாயைப் பொத்தினார். "அதைப் பற்றிக் கதையாதேயும். உமக்குத் தெரிஞ்சிருந்தா அண்டைக்கே எனக்குச் சொல்லியிருப்பீர். நீர் ஒளிக்கிற ஆளில்லை." நான் அந்தக் கையை விலக்கிப் பேசியிருக்கலாம். விலக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

அடக்கத்துக்கு நியாலாஸ் பக்கத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. சரசு, இதை யாராவது உனக்குப் படித்துக் காட்டுவார்கள். இத்தனை வருஷமும் நீ தின்ற அரிசி அவருடையது. உன் அம்மாவிடம் தலையாட்டியவள் நான். தெரியாது என்று சொன்னவளும் நான்.

ஞானம்மா அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, நான் ஒளிக்கிற ஆளில்லை என்று அவர் கடைசி வரை நம்பிய நம்பிக்கைதான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.